வாடகையை எதைக்கொண்டு அளப்பது?
பெருநகரக் குடியிருப்புச் செலவுகள்: ஓர் ஒப்பீடு

ஆண்டுதோறும் யாராவது உலகின் செலவுமிக்க நகரங்களைப் பட்டியலிடுகிறார்கள். நியூயார்க், ஹாங்காங், லண்டன், சிங்கப்பூர் ஆகியவை மேல்வரிசையில் இடம் மாற்றிக்கொண்டு நிற்கும். நம் பத்திரிகைகள் அதே கணக்கை உள்நாட்டுக்குச் சுருக்கி மும்பை, பெங்களூரு, தில்லி, சென்னை என்று வரிசைப்படுத்தும். ஊர் மாறி வேலைக்குப் போகிறவர்கள் இந்த எண்களை வைத்துத்தான் சம்பளம் பேசுகிறார்கள். பிள்ளைகளை வெளியூரில் படிக்கவைக்கும் பெற்றோர் இவற்றை வைத்துத்தான் குடும்பச் செலவைத் திட்டமிடுகிறார்கள். அந்த அளவுக்கு நம்பப்படும் எண்கள் எவ்வளவு சொல்கின்றன, எவ்வளவு மறைக்கின்றன என்று பார்ப்பது அவசியம்.

மாத வாடகை என்கிற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அது ஏற்கனவே குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையா, புதிதாக வருபவரிடம் கேட்கப்படும் வாடகையா? வாடகையோடு முன்பணமாகவும் தரகாகவும் எவ்வளவு கைமாறுகிறது? அந்தப் பணத்துக்கு அந்த வீட்டில் எத்தனை காலம் அச்சமில்லாமல் இருக்கலாம்? இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் நகரங்களின் வரிசை மாறுகிறது. வாடகையை நிலத்தின் அருமையும் மக்கள் நெருக்கமும் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதும் தெரிகிறது. வாடகைச் சட்டம், கட்டுமான விதி, அரசு கட்டிய வீடுகள் ஆகியவை குறித்து ஒவ்வொரு நகரமும் பல பத்தாண்டுகளாக எடுத்த முடிவுகளே வாடகைக்குள் உறைந்திருக்கின்றன. முடிவுகளால் ஏறிய வாடகையை முடிவுகளால் இறக்கவும் முடியும். இக்கட்டுரை நிறுவ விரும்புவது இதையே.

குடியிருப்பவரின் வாடகை, வாசலில் நிற்பவரின் வாடகை

நியூயார்க்கில் வீடுகளையும் காலி வீடுகளையும் பற்றிய கணக்கெடுப்பு 1965 முதல் சுமார் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. அதன் 2021ஆம் ஆண்டு முடிவுகளில் இரண்டு எண்கள் அருகருகே நிற்கின்றன. வாடகைக்குக் குடியிருப்போர் கொடுத்துவந்த வாடகையின் நடுமதிப்பு மாதம் 1,500 டாலர். காலியாக இருந்த வீடுகளுக்குக் கேட்கப்பட்ட வாடகையின் நடுமதிப்பு 2,750 டாலர். ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில், ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு.

அப்போது நியூயார்க் நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். பழைய குடித்தனக்காரர் 100 மணி நேரம் உழைத்தால் மாத வாடகை தேறிவிடும். புதிதாக வீடு தேடுபவருக்கு 183 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்தால் மாதத்துக்குச் சுமார் 173 மணி நேரம்தான் கிடைக்கும். குறைந்தபட்சக் கூலியில் இருக்கும் ஒருவர் மாதம் முழுக்க உழைத்துக் கிடைத்ததை அப்படியே கொடுத்தாலும் நடுத்தரமான ஒரு காலி வீட்டுக்கு அது போதாது.

இந்த இடைவெளிக்குக் காரணம் சட்டம். 1974க்கு முன் கட்டப்பட்ட, ஆறும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட கட்டடங்களில் பெரும்பாலானவை 1969இல் தொடங்கிய வாடகை நிலைப்படுத்தல் முறைக்குள் வருகின்றன. சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு ஆண்டு உயர்வு எவ்வளவு என்பதை ஒரு வாரியம் முடிவுசெய்கிறது. உள்ளே இருப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் நகரம் போதுமான அளவு புதிய வீடுகளைக் கட்டவில்லை. 2023 கணக்கெடுப்பில் வாடகைக்குக் கிடைக்கக்கூடிய காலி வீடுகளின் பங்கு வெறும் 1.41 விழுக்காடு, 1968க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. பாதுகாப்பும் பற்றாக்குறையும் சேரும் இடத்தில், பழையவர் வீட்டைவிட்டு நகர மாட்டார். புதியவருக்கு வீடு கிடைக்காது.

டோக்கியோவை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் 2018ஆம் ஆண்டு வீட்டு, நிலக் கணக்கெடுப்பின்படி டோக்கியோவில் சராசரி வாடகை சுமார் 81,000 யென். அந்த ஆண்டு அக்டோபரில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 985 யென். கணக்கிட்டால் 82 மணி நேர உழைப்பு. சராசரியும் நடுமதிப்பும் வேறு, டோக்கியோ வீடு சிறியது, ஆண்டும் வேறு. எனவே இது தோராயமான ஒப்பீடே. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. குடியிருப்போரை மட்டும் ஒப்பிட்டால் நியூயார்க்கும் டோக்கியோவும் அவ்வளவு தொலைவில் இல்லை. வாசலில் நிற்பவரை வைத்து ஒப்பிடும்போதுதான் நியூயார்க் எட்டாத உயரத்துக்குப் போகிறது. வலைத்தள விளம்பரங்களிலிருந்து தொகுக்கப்படும் பட்டியல்கள் எல்லாம் இந்த இரண்டாவது வாடகையையே அளக்கின்றன.

எதற்கு வாடகை என்பதிலும் குழப்பம் உண்டு. பெர்லினில் வெறும் வீட்டுக்கான வாடகையைக் 'குளிர் வாடகை' என்றும், வெப்பமூட்டலும் தண்ணீரும் துப்புரவும் சேர்ந்ததை 'வெப்ப வாடகை' என்றும் பிரித்தே சொல்வார்கள். சென்னையில் மெயின்டனன்ஸ் தனி, தண்ணீர் லாரிக்குப் பங்கு தனி. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது, ஒரே வாடகை கொடுத்த இரண்டு அடுக்ககங்களில், கிணறும் போர்வெல்லும் வற்றிப்போன அடுக்ககத்துக்காரர் கூடுதலாகக் கொடுத்த தொகை எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. பரப்பளவும் அப்படித்தான். நம் ஊரில் 1,000 சதுர அடி என்று சொல்லப்படும் பிளாட்டில் மாடிப்படி, லிப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கும் அடக்கம். கால் வைத்து நடக்கும் பரப்பு அதில் கால் பங்குக்கு மேல்கூடக் குறையலாம். ஜெர்மனியில் சொல்லப்படும் பரப்பு வீட்டுக்குள் இருப்பது. சதுர அடிக்கு இவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டால் விடை பிழையாகவே வரும்.

அட்வான்ஸ் என்னும் மறைவாடகை

சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நீண்ட நாள் வழக்கம். அண்மைக் காலத்தில் பல இடங்களில் இது ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருந்தாலும் பழக்கம் இன்னும் போய்விடவில்லை. திரும்பக் கிடைக்கும் பணம்தானே என்று இதைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்ப்போம். மாத வாடகை 25,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம் என்று வைத்துக்கொண்டால் 2,50,000 ரூபாய் முடங்குகிறது. வங்கி வைப்பில் 7 விழுக்காடு கிடைக்கும் என்றால் ஆண்டுக்கு 17,500, மாதத்துக்குச் சுமார் 1,460 ரூபாய். உண்மை வாடகை 26,460. அந்த இரண்டரை லட்சத்தைத் தனிநபர் கடனாகவோ நகையை வைத்தோ புரட்டியவருக்கு இன்னும் அதிகம். ஏழைக்குக் கடன் வட்டி உயர்ந்தது என்பதால் ஒரே அட்வான்ஸ் ஏழைக்குக் கூடுதல் வாடகையாகிறது.

மும்பையில் அட்வான்ஸ் பொதுவாக இதைவிடக் குறைவு. ஆனால் 'லீவ் அண்ட் லைசன்ஸ்' ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது; புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஒப்பந்தம் முடிந்து வீடு மாற வேண்டி வந்தால் பதினோரு மாத வாடகைக்கு ஒரு மாதத் தரகு, அதாவது ஒன்பது விழுக்காடு கூடுதல். டோக்கியோவில் திரும்பி வராத 'ரெய்கின்' என்னும் நன்றிப் பணம் ஒரு மாதம், தரகு ஒரு மாதம், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கட்டணம் ஒரு மாதம் என்பது பரவலான வழக்கம். நான்கு ஆண்டுகள் இருப்பவர் 48 மாத வாடகையோடு மேலும் மூன்று மாதம் கொடுக்கிறார். கூடுதல் சுமார் ஆறு விழுக்காடு. ஒரே ஆண்டில் கிளம்புபவருக்கோ பன்னிரண்டு மாதத்துக்கு இரண்டு மாதம், அதாவது பதினாறு விழுக்காட்டுக்கும் மேல். எந்த நகரமாக இருந்தாலும் அடிக்கடி வீடு மாற நேரும் கூலித் தொழிலாளியும் இளம் ஊழியரும் மாணவரும் ஒரே இடத்தில் ஊன்றியிருப்பவரைவிட அதிக வாடகை கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் எழுதப்பட்ட தொகை மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

அட்வான்ஸை அதன் எல்லை வரை கொண்டுபோனால் மாத வாடகையே மறைந்துவிடும். தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் சென்னைப் பேச்சில் லீஸ் என்றும் வழங்கும் முறை அது: சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, போகும்போது முதலைத் திரும்பப் பெறுவது. கர்நாடகத்தில் இதைப் போக்யா என்கிறார்கள். தென்கொரியாவில் இதே முறை 'ஜொன்சே' என்ற பெயரில் தேசிய அளவில் வேரூன்றியிருக்கிறது. வீட்டு மதிப்பில் பாதியும் அதற்கு மேலும் முன்பணமாகக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் இருப்பார்கள். வட்டி விகிதம் உயர்வாகவும் வீட்டு விலை ஏறுமுகமாகவும் இருந்தவரை இருவருக்கும் ஆதாயம். வீட்டுக்காரருக்கு வங்கிக்குப் போகாமல் கடன். குடித்தனக்காரருக்கு வாடகை மிச்சம்.

இந்த ஏற்பாட்டின் அபாயம் 2022இலும் 2023இலும் சியோலிலும் சுற்றுப் பகுதிகளிலும் வெளிப்பட்டது. வட்டி ஏறி வீட்டு விலை இறங்கியது. முன்பணங்களைச் சுழற்றி நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கிக் குவித்தவர்களால் பணத்தைத் திருப்பித் தர இயலவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள், தற்கொலைகளும் நேர்ந்தன. 2023 ஜூனில் பாதிக்கப்பட்டோருக்காகத் தனிச் சட்டம் வந்தது. சென்னையிலோ பெங்களூரிலோ பதிவு செய்யாத தாளில் பத்து லட்சம் கொடுத்து லீஸுக்குப் போகும் குடும்பம் இதே அபாயத்தில்தான் நிற்கிறது. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து தவணை நின்றுபோனால் முதலில் வருவது வங்கியின் உரிமை.

மும்பையின் உறைந்த வாடகையும் பூட்டிய வீடுகளும்

மும்பையின் உயர்ந்த வாடகைக்குக் கடலால் சூழப்பட்ட நிலத்தைக் காரணம் காட்டுவார்கள். அது பாதி உண்மை. மீதி 1947இன் பம்பாய் வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகையைத் தர வாடகையாக வைத்து அச்சட்டம் உறையவைத்தது. போர்க்கால நெருக்கடியில் குடித்தனக்காரரைக் காக்க அது தேவையான நடவடிக்கை. நெருக்கடி தீர்ந்த பிறகும் அரை நூற்றாண்டுக்கு அதே வாடகை தொடர்ந்தது. சட்டப்படியான வாடகை பெயரளவுக்குச் சுருங்க, 'பகடி' வளர்ந்தது: உள்ளே வரும்போது மொத்தத் தொகை, பிறகு சொற்ப வாடகை, வெளியேறும்போது அடுத்தவரிடம் உரிமையை விற்று வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு. வாடகையால் வருமானமில்லாத வீட்டுக்காரர்கள் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். கட்டடங்கள் இடிந்து உயிர்கள் போயின. 1969இல் தனி வரி வசூலித்து அரசே பழுதுபார்க்கும் வாரியம் உருவானபோது அதன் பொறுப்பில் வந்தவை 19,000க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தர வாடகை விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்றது. 1999இன் புதிய மகாராஷ்டிரச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. பகடியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இந்தக் கதையின் மிச்சம் நாடெங்கும் பூட்டிய கதவுகளாக நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 1.1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. நகரக் குடும்பங்களில் வாடகைக்கு இருப்போரின் பங்கு 1961இல் 54 விழுக்காடாக இருந்தது, 2011இல் 28 ஆகச் சரிந்ததாக மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிடுகிறது. குடிவைத்தால் கிளப்ப முடியாது என்ற அச்சம் ஒரு காரணம். வருவாய் குறைவு இன்னொரு காரணம். ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள பிளாட்டுக்கு மாதம் 25,000 கிடைத்தால் ஆண்டு வருவாய் 3 விழுக்காடு; வங்கி வைப்பு அதைவிட இரு மடங்கு தரும். வீட்டை முதலீடாக வாங்குபவர் விலையேற்றத்தை நம்பி வாங்குகிறார். வாடகை அவருக்குப் பொருட்டில்லை. நியூயார்க்கில் காலி வீடே இல்லாததால் வாடகை ஏறுகிறது. நம் நகரங்களிலோ காலி வீடுகள் இருந்தும் அவை சந்தைக்கு வராததால் ஏறுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து பலிக்காது.

வியன்னாவும் பெர்லினும்

வாடகைக் கட்டுப்பாடே எல்லாத் தீமைக்கும் வேர் என்று மும்பையைக் காட்டி வாதிடுவோர் வியன்னாவையும் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபோது அந்நகரத் தொழிலாளர்கள் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொதுவில் இருந்த ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சியில் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் 1923இல் வீட்டு வரியைக் கொண்டுவந்தார். ஆடம்பர வீட்டுக்கு அதிக விகிதம், சிறு வீட்டுக்கு மிகக் குறைவு. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை மாநகராட்சி கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஏறத்தாழ 1,400 வீடுகள், துணி வெளுக்கும் கூடம், நூலகம், குழந்தைகள் பள்ளி எல்லாம் அதற்குள்.

இன்று வியன்னா மாநகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. அடக்க விலைக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்ற சட்டத்துக்குட்பட்ட வரம்புலாபச் சங்கங்களிடம் ஏறத்தாழ அதே அளவு. நகர மக்களில் பாதிப் பேர் இவ்விரண்டில் ஒன்றில் வசிக்கிறார்கள். வருமான வரம்பு உயரமாக வைக்கப்பட்டிருப்பதால் ஆசிரியரும் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். ஏழைகளின் குடியிருப்பு என்ற முத்திரை விழுவதில்லை. இவ்வளவு பெரிய மாற்று இருக்கும்போது தனியார் வீட்டுக்காரரும் வாடகையை இஷ்டப்படி ஏற்ற முடிவதில்லை. குறையும் உண்டு. மாநகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க நகரில் இரண்டாண்டு வசித்திருக்க வேண்டும். நேற்று வந்த அகதிக்கும் மாணவருக்கும் தனியார் சந்தைதான் கதி.

பெர்லின் எதிர்த்திசையில் போயிற்று. கடன் சுமையில் இருந்த நகரம் 2004இல் தன் வீட்டு நிறுவனங்களில் ஒன்றை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு விற்றது. நிறுவனத்தின் கடன்களையும் வாங்கியவர்களே ஏற்றார்கள். பிறகு வாடகை வேகமாக ஏறியது. ஐந்தில் நான்கு பேர் வாடகைக்கு வாழும் நகரத்தில் அது அரசியல் கொந்தளிப்பானது. 2020 பிப்ரவரியில் நகர அரசு வாடகை உச்சவரம்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பல குடித்தனங்களின் வாடகை இறங்கியது. வாடகைக்கு வீடு என்ற விளம்பரங்களும் வெகுவாகக் குறைந்தன. 2021 ஏப்ரலில், இதற்கான அதிகாரம் நகர அரசுக்கு இல்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. அதே ஆண்டில் சுமார் 14,750 வீடுகளைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து 246 கோடி யூரோவுக்கு நகரம் திரும்ப வாங்கியது. விற்றபோது கைக்கு வந்தது வீட்டுக்குச் சுமார் 6,200 யூரோ. வாங்கியபோது கொடுத்தது சுமார் 1,67,000 யூரோ. இவை முழுக்க அதே வீடுகள் இல்லை, கடன் கணக்கும் வேறு. ஆயினும் பொதுச் சொத்தை இழப்பது எளிது, மீட்பது கடினம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எண்கள் சொல்லிவிட முடியாது.

கட்ட விடும் நகரம்

டோக்கியோவின் வழி மூன்றாவது. அங்கே அரசு வீடுகளின் பங்கு பெரிதில்லை. ஆனால் எங்கே என்ன கட்டலாம் என்ற விதிகளின் சட்டகம் தேசிய அளவில் வகுக்கப்பட்டிருக்கிறது: நாடு முழுவதற்கும் 13 வகை மண்டலங்கள். அவற்றில் கனரகத் தொழிலுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் குடியிருப்பு கட்டலாம். விதிக்குள் அடங்கும் கட்டடத்தை அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க முடியாது. விளைவாக, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் டோக்கியோவில் தொடங்கப்பட்டுவந்தன. 1990களின் விலை வீழ்ச்சிக்கும் இதில் பங்குண்டு என்றாலும், மக்கள் பெருகிக்கொண்டிருந்த ஒரு மாநகரில் வாடகை பல ஆண்டுகள் பெரிதாக ஏறாமல் நின்றதற்கு இந்தத் தாராளமே முதன்மைக் காரணம். அண்மையில் அங்கும் வாடகை ஏறத் தொடங்கியிருக்கிறது.

இதே காலத்தில் மும்பைத் தீவுப் பகுதியில் 1991 விதிகள் தளப் பரப்புக் குறியீட்டை 1.33 என்றும் புறநகரில் 1 என்றும் வரையறுத்தன. அதாவது ஒரு மனை அளவுக்கு ஏறத்தாழ ஒரு மனைப் பரப்பே கட்டலாம். உலகின் மிக நெருக்கமான நகரங்களில் ஒன்றுக்கு இப்படிப்பட்ட வரம்பு! விதிவிலக்குகளும் பிறருக்கு மாற்றத்தக்க கட்டுமான உரிமைகளும் பிற்பாடு வந்தன. அவை செல்வாக்குள்ளவருக்கே எளிதில் கிட்டின. சென்னையில் 1.5 ஆக இருந்த குறியீடு 2019 விதிகளில் 2 ஆனது. கட்டும் அளவைக் கூட்டுவதற்குமுன் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் போக வேண்டும் என்பதும் உண்மை. குழாய் போகாத இடத்தில் உயரும் அடுக்ககம் வாடகையைக் குறைத்து லாரிச் செலவைக் கூட்டும்.

சிங்கப்பூர் நான்காவது மாதிரி. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளோரில் முக்கால் பங்குக்கு மேல் வாழ்கிறார்கள். உள்நாட்டுக் குடும்பங்களில் பத்தில் ஒன்பது வீட்டுரிமையாளர்கள். ஆகவே வாடகைச் சந்தையில் நிற்பவர் பெரும்பாலும் வெளிநாட்டவர். பெருந்தொற்றுக் காலத்தில் கட்டுமானம் தாமதமாகி, எல்லை திறந்ததும் ஆட்கள் திரும்பியபோது, 2022இல் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு ஒரே ஆண்டில் 29.7 விழுக்காடு எகிறியது. அந்த அடி விழுந்தது வேலை அனுமதியில் போனவர்கள் மேல். தமிழ்நாட்டிலிருந்து போன பொறியாளர்களும் செவிலியரும் அவர்களில் உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களோ வாடகைச் சந்தைக்கே வராமல் முதலாளி ஏற்பாடு செய்யும் விடுதிகளில் இருக்கிறார்கள். 2020இல் தொற்று அங்கே காட்டுத்தீயாய்ப் பரவிய பிறகே, புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்ற விதி வந்தது. உரிமையாளர்களின் நகரம் என்று போற்றப்படும் ஊரின் வாடகையைப் பேசும்போது இந்த 4.2 சதுர மீட்டரையும் பேசியாக வேண்டும்.

கொடுத்த பின் கையில் மிஞ்சுவது

வருமானம் கூடக்கூட அதில் வாடகையின் பங்கு குறைகிறது என்பதை 1868இல் பெர்லின் நகரப் புள்ளியியலாளர் ஹெர்மன் ஷ்வாபே எடுத்துக்காட்டினார். ஏழையே தன் வருமானத்தில் பெரும்பங்கை வாடகைக்குக் கொடுக்கிறார் என்பது அதன் மறுபக்கம். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் வாடகை இருந்தால் தாங்கக்கூடியது என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் அளவுகோல் இயற்கை விதி ஒன்றுமில்லை. அமெரிக்கப் பொது வீடுகளின் வாடகைக்கு 1969இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தம் 25 விழுக்காட்டு வரம்பு வைத்தது. 1981இல் அது 30 ஆக்கப்பட்டது. மாதம் இரண்டு லட்சம் வாங்குபவர் அறுபதாயிரம் வாடகை கொடுத்தாலும் 1,40,000 மிஞ்சும். இருபதாயிரம் வாங்குபவர் ஆறாயிரம் கொடுத்தால் மிஞ்சும் பதினாலாயிரத்தில் அரிசியும் மருந்தும் பள்ளிக் கட்டணமும் பேருந்தும் அடங்க வேண்டும். விழுக்காடு ஒன்று, வாழ்க்கை வேறு. எனவே நகரங்களை ஒப்பிடும்போது வாடகை போக என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதே நேர்மையான கேள்வி.

அந்தக் கேள்வியில் தொலைவும் சேரும். சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகர நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கில் வீடுகள் கொடுக்கப்பட்டன. மாதத்துக்குக் கட்ட வேண்டிய தொகை மிகச் சிறிது. ஆனால் வீட்டு வேலையும் சந்தைக் கூலியும் பிள்ளைகளின் பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. பலர் வேலை இழந்தார்கள். பலர் பழைய இடத்துக்கு அருகிலேயே சிறு அறைக்கு வாடகை கொடுத்துத் திரும்பினார்கள். குறைந்த வாடகையை நகரத்தின் விளிம்பில் மட்டும் கொடுப்பது, மிச்சமாகும் பணத்தைப் பயணத்தில் பறிப்பதாகும்.

எல்லோருக்கும் ஒரே வாடகை என்பதும் புனைவு. சுகதேவ் தோரட்டும் குழுவினரும் தில்லித் தலைநகர்ப் பகுதியில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வருமானத் தகுதியோடு வீடு கேட்டவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும் பெயர் தெரிந்ததும் மறுக்கப்படுவதையும், கூடுதல் நிபந்தனைகளுக்கு உள்ளாவதையும் பதிவுசெய்தது. சைவம் மட்டும், குடும்பத்தாருக்கு மட்டும் என்று சென்னையில் எழுதப்படும் டு-லெட் பலகைகளின் உட்பொருள் தமிழ் வாசகர் அறிந்ததே. பத்து வீடுகளில் எட்டு மூடப்பட்டவருக்கு மீதி இரண்டில் கேட்டதுதான் வாடகை. சாதியும் மதமும் இப்படித்தான் ரூபாயாக மாறுகின்றன.

சென்னை செய்யக்கூடியவை

இந்த ஒப்பீட்டிலிருந்து எந்த நகரத்தையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. எடுத்துக்கொள்ளக்கூடிய மூன்று உண்டு.

முதலாவது, வெளிப்படையான தகவல். ஜெர்மானிய நகரங்கள் பகுதி, கட்டடத்தின் வயது, பரப்பு, வசதி ஆகியவற்றின்படி உண்மையில் கொடுக்கப்படும் வாடகையைத் தொகுத்து அதிகாரபூர்வ வாடகை அட்டவணை வெளியிடுகின்றன. குடித்தனக்காரரும் வீட்டுக்காரரும் நீதிமன்றமும் அதையே அளவாகக் கொள்கிறார்கள். நம்மிடம் இதற்கான விதை ஏற்கனவே இருக்கிறது. 1960இன் பழைய சட்டத்தை நீக்கி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒவ்வொரு ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும் என்கிறது. பதிவு எளிதாகவும் செலவில்லாமலும் நடந்து, பெயர்களை நீக்கிப் பகுதிவாரியாக அந்த வாடகைகள் வெளியிடப்பட்டால், புரோக்கர் சொல்வதே சந்தை விலை என்ற நிலை மாறும்.

இரண்டாவது, அட்வான்ஸுக்குக் காவல். அதே சட்டம் வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த 'வேறு உடன்பாடு' என்ற இடுக்கு வழியேதான் பழைய வழக்கம் தொடர்கிறது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதமே உச்சம் என்கிறது. இங்கிலாந்தில் 2007 முதல் தனியார் குடித்தனங்களின் முன்பணம் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும்; பெயின்ட் அடித்த செலவு என்று பிடித்தம் செய்வதில் தகராறு வந்தால் அங்கேயே தீர்க்கப்படும். லீஸ் தொகைகளுக்கு இத்தகைய காப்பு இன்னும் அவசரமானது. சியோலில் நடந்த பிறகு, நமக்குத் தெரியாது என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

மூன்றாவது, அரசு கட்டும் வாடகை வீடுகள். விற்பதற்கும் ஒதுக்குவதற்கும் கட்டுவதே நம் பழக்கம். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. வேலை இருக்கும் இடத்துக்கு அருகே, வாடகைக்கென்றே, பெரிய அளவில் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று. அதையே தனியாருக்குக் கைமாற்றாமல், குடும்பங்களுக்கும் நகருக்குள்ளேயும் விரிக்க வேண்டும். மெட்ரோ நிலையங்களைச் சுற்றியுள்ள அரசு நிலங்களுக்கு இதைவிடச் சிறந்த பயன் எனக்குத் தெரியவில்லை.

வியன்னா தன் வீட்டு வரியை விதித்தபோது அது செல்வமிக்க நகரமாக இருக்கவில்லை. போரில் தோற்று, பேரரசை இழந்து, பட்டினியைக் கண்ட நகரம் அது. ஆகவே பணமில்லை என்ற பதிலை நூறாண்டு கழித்து ஒரு தொழில் மாநிலத்தின் தலைநகரம் சொல்வதற்கில்லை. வாடகைக்கு வாழ்பவர்களை இன்றோ நாளையோ சொந்த வீட்டுக்குப் போய்விடப் போகிறவர்களாகக் கருதுவதை முதலில் கைவிட வேண்டும். பெரும்பாலோர் வாழ்நாளில் பெரும்பகுதியை வாடகை வீட்டில்தான் கழிப்பார்கள். அவர்களையும் முழுக் குடிமக்களாக எண்ணித் திட்டமிடும் நகரத்தில் மட்டுமே வாடகை தாங்கக்கூடியதாக இருக்கும்.